லாக்டோபேசில்லஸ்: பாலமிலக் கோலுயிரி

செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குச் செல்லும் பெண்களின் பரிசோதனை அறிக்கைகளில் இப்போது இந்தப் பாக்டீரியாவின் பெயர் தலைகாட்டுகிறது. இலத்தீனில் 'லாக்' என்றால் பால். 'பேசில்லஸ்' என்றால் சிறுகோல். 1901இல் நெதர்லாந்து அறிஞர் பெயரிங்க் சூட்டிய பெயர் இது. இந்த உயிரி வெளிவிடும் அமிலத்தை 1780இல் வேதியியலாளர் ஷீலே புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தார். அப்படித்தான் பெயரில் பால் ஏறியது.

யோனியில் அதற்கு இரை வேறு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேர்கிறது. அது சிதைந்து வரும் சர்க்கரையைத் தின்று கோலுயிரி அமிலமாக்குகிறது. பி.எச். என்ற அமில அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5க்குக் கீழே இருக்கும் அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. ஜெர்மன் மருத்துவர் டோடர்லைன் யோனியின் கோலுயிரியையும் அதன் அமிலக் காவலையும் பற்றி 1892லேயே எழுதிவிட்டார்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'கிருமி' வேண்டாம். வடமொழியில் புழுவைக் குறித்த அச்சொல் இன்று நோயையே நினைவூட்டுகிறது. 'நல்ல கிருமி' என்பது ஒப்பேற்றும் வேலை. 'நுண்ணுயிரி' என்றால் ஈஸ்ட்டும் அதில் அடங்கிவிடும். 'பாலமிலக் கோலுயிரி' சற்று நீளம்தான். ஆனாலும் செயலையும் வடிவத்தையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

கருத்தரிப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பெரிதாகப் பேசப்பட்டது 2016இல். ஸ்பெயின் ஆய்வாளர்கள் சிகிச்சையிலிருந்த 35 பெண்களின் கருப்பைத் திரவத்தைச் சோதித்தனர். கோலுயிரிகள் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில் குழந்தைப்பேறு 58.8 சதவீதம், மற்றவர்களில் 6.7 சதவீதம். மலைக்க வைக்கும் வேறுபாடு. ஆனால் 35 பேரை வைத்து விதி எழுத முடியாது. மாதிரி எடுக்கும் குழாய் யோனி வழியாகவே கருப்பைக்குள் செல்வதால், அங்கிருந்த உயிரிகளே மாதிரியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்ற ஐயமும் உண்டு.

கோலுயிரிகள் எல்லாம் ஒரே தரமும் அல்ல. 'கிறிஸ்பாடஸ்' என்றால் சுருண்டது. யோனியின் நம்பகமான காவலாக மதிக்கப்படுவது இந்த இனமே. 'இனெர்ஸ்' என்றால் மந்தமானது, சோம்பேறி! பெயருக்கேற்ப அதன் காவலும் தளர்வு. அது மிகுந்திருக்கும் இடத்தில் கார்ட்னெரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் தலையெடுத்து, யோனிப் பாக்டீரியாச் சமநிலை குலைவது அதிகம்.

தயிர் சாப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். தயிரைப் புளிக்க வைப்பவை வேறு இனங்கள். கிறிஸ்பாடஸ் அங்கே இல்லை. அதையே மருந்தாகக் கொடுத்தும் பார்த்தார்கள். சமநிலை குலைந்திருந்த பெண்களுக்கு, கரு வைப்பதற்கு முன் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டுமோ கிறிஸ்பாடஸும் சேர்த்தோ கொடுத்த டென்மார்க் சோதனையில் கருத்தரிப்பு கூடவில்லை. கோலுயிரி குறைவாக இருப்பதும் சிகிச்சை தோற்பதும் சேர்ந்து காணப்படலாம். ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. 'கோலுயிரி குறைவு' என்ற வரியைக் காட்டி விலையுயர்ந்த மாத்திரையை யாராவது நீட்டினால், அது குழந்தைப்பேற்றைக் கூட்டியதாகச் சோதனை உண்டா என்று கேளுங்கள்.