சைட் நோட்டுக்கு ஃபேர் காப்பி வேண்டாம்

28 நாள் க்யூப் ரிசல்ட் (கான்கிரீட் கட்டியை 28-ம் நாள் அழுத்தி உடைத்துப் பார்க்கும் வலிமைச் சோதனை) குறைவாக வந்திருக்கிறது. அந்த வண்டி கான்கிரீட் எந்தத் தூணுக்குப் போனது என்று கேட்டால், சைட் இன்ஜினியர் போனை எடுத்துத் தேடுகிறார். வாட்ஸ்ஆப்பில் இருநூறு போட்டோ இருக்கிறது. கம்பி தெரிகிறது, தூண் எண் தெரியவில்லை. எத்தனை தடவைதான் இதையே பார்ப்பது?

நோட்டு வைத்திருப்பவர்களிடமும் ஒரு தவறான எண்ணம் உண்டு: சைட் நோட்டு அழகாக இருக்க வேண்டுமாம். பகலில் துண்டுச்சீட்டிலும் உள்ளங்கையிலும் குறித்துக்கொண்டு, சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து ஃபேர் காப்பி எடுக்கிறார்கள். அங்கேதான் 1, 7 ஆகிறது. ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம், மி.மீ. கணக்கில்) 160 என்று பார்த்தது, 'இவ்வளவு வந்திருக்காதே' என்ற நினைப்பில் 120 ஆகிவிடுகிறது. பத்து நாள் பதிவும் ஒரே பேனா, ஒரே ஓட்டம் என்றால் பார்த்த உடனே தெரிந்துவிடும். தகராறு வரும்போது அதை யாரும் நம்ப மாட்டார்கள். சிமெண்ட் கறை படிந்து, கோணல்மாணலாக, நின்ற இடத்திலேயே எழுதியதுதான் பதிவு. அரசு வேலைகளின் எம்-புக்கை, அதாவது அளவுப் புத்தகத்தைப் பாருங்கள். பக்க எண் அச்சிட்டிருக்கும், தாளைக் கிழிக்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது. தப்பை அடித்துவிட்டுச் சரியானதை எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் போட வேண்டும். உங்கள் நோட்டுக்கும் அதுவே விதி. ஒரே கோடாக அடியுங்கள். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். வைட்னர் பக்கமே போகாதீர்கள்.

ஸ்பைரல் நோட்டு வாங்காதீர்கள், தாள் உருவினால் தடயமே இருக்காது. கெட்டி அட்டை, தைத்த நோட்டு, முதல் நாளே பக்க எண். பால்பாயிண்ட் பேனா போதும். பல ஜெல் பேனாக்களின் மை தண்ணீர் பட்டால் ஓடும். அழிக்கக்கூடிய ஜெல் பேனா இன்னும் மோசம். அதன் மை 60 டிகிரி சூட்டில் மறைந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் அந்தச் சூடு சாதாரணம். தெர்மல் தாளில் வரும் எடைமேடைச் சீட்டும் மங்கிப்போகும். எண்களை அன்றே நோட்டில் ஏற்றுங்கள்.

ஒவ்வொரு ரெடிமிக்ஸ் வண்டிக்கும் எழுத வேண்டியவை: வண்டி எண், சலான் எண், கிரேடு, பிளான்டில் ஏற்றிய நேரம், சைட்டுக்கு வந்த நேரம், கொட்டி முடித்த நேரம், ஸ்லம்ப், க்யூப் எண், கான்கிரீட் போன இடம். ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4926, கொட்டி முடிக்கப் பொதுவாக ஏற்றியதிலிருந்து 2 மணி நேரம்தான் தருகிறது, அதனால் நேரத்தைக் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். இடத்தை 'முதல் மாடி' என்று விடாமல் வரைபடத்தில் தூண் வரிசைகளுக்குக் கொடுத்த கிரிட் எண்ணோடு எழுதுங்கள். சைட்டில் தண்ணீர் சேர்த்தார்களா? எத்தனை லிட்டர், யார் சொல்லி? தயவுசெய்து இதை மறைக்காதீர்கள். ரிசல்ட் குறைந்தால் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

தளம் போட்ட அன்றே நோட்டின் பின்பக்கத்தில் க்யூப் சோதனைக்கான 7-ம் நாள், 28-ம் நாள் தேதிகளைக் குறியுங்கள். முட்டு எடுக்கும் தேதியையும் எழுதுங்கள்: சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 4.5 மீட்டர் வரையான தளத்துக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். மேஸ்திரி அவசரப்படுத்தும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

வேலை முடிந்து கிளம்பும்போது அன்றைய பக்கங்களைப் போனில் படம் பிடித்து ஆபீஸுக்கு அனுப்பிவிடுங்கள். நோட்டு மழையில் நனைந்தாலும் பதிவு மிஞ்சும்.