துப்பாக்கிக்கு விசைதான், 'தூண்டுதல்' இல்லை

'தூண்டுதல் எடை 500 கிராம்.' 'தூண்டுதல் வேலை முடிந்த போட்டித் துப்பாக்கி.' 'சந்தைக்குப் பிந்தைய தூண்டுதல்.' துப்பாக்கியில் விரலால் இழுக்கும் ட்ரிகர் என்ற உறுப்புக்கு, துப்பாக்கி சுடுதலைப் பற்றித் தமிழில் வரும் காணொளிகளிலும் விற்பனைக் குறிப்புகளிலும் 'தூண்டுதல்' என்ற சொல் புகுந்து உட்கார்ந்துவிட்டது. மதுரையில் காற்றுக் கைத்துப்பாக்கி பழகும் பள்ளிப் பிள்ளைகளும் இதையே தூய தமிழ் என்று நம்பி எழுதுகிறார்கள். தமிழ் எழுத்தில் இருப்பதாலேயே ஒரு சொல் தமிழாகிவிடாது.

ட்ரிகர் ஆங்கிலத்துக்கு டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'ட்ரெக்கன்' என்றால் இழுத்தல், 'ட்ரெக்கர்' என்றால் இழுப்பதற்கான உறுப்பு. ஆங்கிலத்தில் முதலில் 'ட்ரிக்கர்' என்று வழங்கிப் பிறகு ட்ரிகர் ஆனது. விரல் படும் ஒரு சின்ன இரும்புத் துண்டின் பெயர், அவ்வளவே. தூசு ஆஸ்துமாவைத் தூண்டுகிறது என்பது போன்ற பொருளெல்லாம் அதன்மேல் பின்னால் ஏறியது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பின்னால் ஏறிய பொருளுக்கு உரிய தமிழை எடுத்து, முன்னால் இருந்த இரும்பின்மேல் ஒட்டிவிட்டார்கள்.

தூண்டுதல் ஒரு செயல். திரியைத் தூண்டுகிறோம், ஆசையைத் தூண்டுகிறோம். அதைக் கழற்ற முடியாது, எண்ணெய் போட முடியாது, கடையில் கேட்டு வாங்க முடியாது. அதைவிட, தமிழில் இந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்தில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. தற்கொலைக்குத் தூண்டுதல், குற்றத்துக்குத் தூண்டுதல் என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்வருகிற எவரிடமாவது 'துப்பாக்கியில் தூண்டுதல் வேலை செய்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பிரிவில் வழக்கு என்றுதான் கேட்பார்.

விசை என்ற சொல் நமக்கு இருக்கிறது. 'துப்பாக்கியின் விசையை இழுத்தான்' என்று கதைகளில் படித்துத்தான் வளர்ந்தோம். வளைத்துப் பிடித்த ஒன்று விடுபட்டு வேகமாகப் பாய்வதை விசைத்தல் என்பது பழைய வழக்கு. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த கருவிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கும்போது வளைவிற்பொறியும் வருகிறது. தானே வளைந்து எய்யும் வில் என்று அதற்கு உரை சொல்கிறார்கள். பொறி என்பது முழுக் கருவி. அதை விடுவிக்கிற இடத்துக்கு விசை என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பள்ளி அறிவியல் புத்தகத்தில் விசை வேறு பொருளில் இருக்கிறதே, நியூட்டனில் அளப்பதும் விசைதானே, அப்புறம் 'விசையின் விசை' என்று எழுதுவதா என்பார்கள். இராமேஸ்வரத்தில் விசைப்படகு ஓடுகிறது, விசைத்தறி நெய்கிறது, விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறோம். எவரும் எதையும் குழப்பிக்கொண்டதில்லை. அதோடு, சுடுதளத்தில் இந்தச் சிக்கலே எழாது. போட்டி விதிகள் நியூட்டனைப் பேசுவதில்லை, கிராமைப் பேசுகின்றன. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை விடுபடாமல் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், 25 மீட்டர் கைத்துப்பாக்கியின் விசை 1000 கிராம். குழலைச் செங்குத்தாக நிறுத்தி, எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஆகவே அது விசை எடை. இதில் என்ன தெளிவு குறைகிறது?

ட்ரிகர் என்றே பேசுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

இன்னொரு தரப்பு குதிரை என்கிறது. பழைய சொல், அழகான சொல். ஆனால் குதிரை என்பது பின்னால் நின்று பாய்ந்து அடிக்கிற ஹேமர். இந்தியிலும் 'கோடா' என்று குதிரையைத்தான் சொல்கிறார்கள்; அங்கேயும் அதை விசைக்கும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் உண்டு. வேலை தெரிந்தவர்கள் இரண்டையும் பிரிக்க வேண்டும். விசையை இழுத்தால் கொண்டி விலகும். கொண்டி பிடித்திருந்த குதிரை பாயும். குதிரை ஊசியில் அடிக்கும், ஊசி தோட்டாவில் குத்தும். போட்டிக்கான காற்றுத் துப்பாக்கியில் ஊசிக்குப் பதில் வால்வு. கொண்டி என்று நான் சொல்வது சியர் என்கிற உறுப்பை. கதவுக் கொண்டி செய்கிற அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அதை 'கருக்குதல்' என்று ஒரு குறிப்பில் படித்தேன். இறைச்சியைச் சட்டியில் போட்டுக் கருக்குவதற்கு ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள சொல் இருப்பதால் வந்த வினை. எழுதியவர் அந்த உறுப்பின் படத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விசையைப் பதம் பார்ப்பது, அதாவது இழுக்க இலகுவாகவும் சீராகவும் ஆக்குவது, நுட்பமான வேலை; இதைத்தான் 'தூண்டுதல் வேலை' என்கிறார்கள். கொண்டியும் குதிரையும் உரசும் முகத்தில் மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால், விரல் படாமலே குதிரை பாய்ந்துவிடும். குதிரையின் ஸ்பிரிங்கை மெலிதாக மாற்றினால் விசை இலகுவாகும், ஆனால் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். விசையைத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங் வேறு. 'தூண்டுதல் ஸ்பிரிங்' என்று மட்டும் எழுதினால் எதை மாற்றச் சொல்கிறார்கள்? வெடிமருந்துத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். அவரிடம் சொல்லும் சொல் தடுமாறக் கூடாது.

ஆஃப்டர்மார்க்கெட் என்ற ஆங்கிலச் சொல்லை 'சந்தைக்குப் பிந்தைய' என்று ஆக்கியதும் இதே கூட்டத்தின் கைவரிசை. சந்தை கலைந்த பிறகு விற்பதா? துப்பாக்கி செய்த கம்பெனி தராமல் வேறொருவர் செய்து விற்கும் பாகம் அது. உதிரிப்பாகக் கடையில் 'ஒரிஜினலா, லோக்கலா' என்று கேட்பார்கள். லோக்கல் என்பதில் மட்டம் என்ற தொனி இருக்கிறது. போட்டித் துப்பாக்கிக்கு வாங்குவதோ பலமுறை கம்பெனிப் பாகத்தைவிட விலையும் நேர்த்தியும் கூடியது. அதனால் வெளித் தயாரிப்பு என்கிறேன். 'வெளித் தயாரிப்பு விசை போட்டு, கொண்டியைப் பதம் பார்த்து, விசை எடையை 1000 கிராமுக்குக் கீழே போகாமல் வையுங்கள்.' இப்படிச் சொன்னால் வேலை செய்பவருக்கு ஒரு கேள்வியும் மிஞ்சாது.