குதிக்கும் முன் கேஜைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து விடுமுறைக்கு அந்தமான் போகிற குடும்பங்கள் இப்போது அதிகம். பயணத் திட்டத்தில் செல்லுலார் ஜெயில், கடற்கரையோடு 'ஸ்கூபா' என்றும் ஒரு வரி இருக்கும்: முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவது. நான் ஸ்கூபா பயிற்சியாளர். உபகரணங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதும் என் வேலை. சொந்த ஊர் காரைக்குடி என்பதால் கிளம்பும் முன் பலர் எனக்கு போன் செய்கிறார்கள். கேட்பதெல்லாம் சுறாவைப் பற்றித்தான். ஆனால் நான் பார்த்த விபத்துகள் பெரும்பாலும் படகிலேயே தொடங்கியவை, தண்ணீரில் இறங்கும் முன்பே கண்ணில் பட்டிருக்கக்கூடியவை.

முதலில் சிலிண்டர் வால்வு. அது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். முழுக்கத் திறந்து கால் சுற்று திருப்பி வைக்கும் பழைய வழக்கம் சில படகுகளில் இன்னும் உண்டு. அவசரத்தில் திசை மாறினால், முழுக்க மூடிக் கால் சுற்று மட்டும் திறந்ததாகிவிடும். படகில் உட்கார்ந்து மூச்சிழுத்தால் காற்று தாராளமாக வரும், சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜும் 200 பார், அதாவது முழுச் சிலிண்டர், என்று காட்டும். 10 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் இரு மடங்கு காற்று தேவை. அந்தச் சின்ன இடுக்கு வழியாக அவ்வளவு வராது. முதுகில் சிலிண்டர் நிறையக் காற்று இருக்கும்போதே மூச்சு முட்டும்.

இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து, கேஜைப் பார்த்தபடியே நான்கு முறை நன்றாக மூச்சிழுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. இழுக்கும்போது இறங்கி, நிறுத்தியதும் ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. இறங்கியது இறங்கியபடியே பூஜ்யத்துக்குப் போனால், வால்வு மூடியே இருக்கிறது. நீங்கள் இழுத்தது குழாயில் மிச்சமிருந்த காற்றை.

ஒரு படகில் நம் பக்கத்துப் பையன் ஒருவன் முள் ஆடியதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்த அண்ணன் செக் பண்ணித்தானே குடுத்தாரு, மறுபடி எப்படிண்ணே கேக்குறது" என்றான். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் நாம். படகில் அந்தப் பழக்கம் வேண்டாம். நல்ல ஆட்கள் கோபப்பட மாட்டார்கள், தாங்களே வந்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். முகம் சுளிக்கிற படகு என்றால் இறங்காமலே திரும்பி வாருங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

அடுத்தது காற்று. கிணற்றுக்குள் எஞ்சினை இறக்கி ஓட்டி, புகையில் மயங்கி இறந்தவர்களைப் பற்றி நம் ஊர்களில் கேள்விப்படாதவர் குறைவு. அங்கே ஆளைக் கொன்ற அதே கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள்ளும் போகலாம். சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசர் காற்று இழுக்கும் குழாயின் பக்கத்திலேயே எஞ்சின் புகைக்குழாய் இருந்தாலோ, காற்று திசை மாறிப் புகையைக் கொண்டுவந்தாலோ அது நடக்கும். மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசரிலும் சூடு அதிகமாகி எண்ணெய் கருகினால் இந்த வாயு உண்டாகும். ஆழத்தில் அதன் வீரியம் கூடும்: மேலே தாங்கக்கூடிய அளவு, 20 மீட்டரில் மூன்று மடங்காக வேலை செய்யும்.

இதற்கு வாசனை கிடையாது. ஆனால் கூடவே வரும் எண்ணெய், புகை வாடை தெரியும். சிலிண்டர் காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். வாடை இல்லாததாலேயே காற்று சுத்தம் என்று ஆகிவிடாது. அதனால் கம்ப்ரசர் எங்கே இருக்கிறது, ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதிவேடு வைத்திருப்பவர்கள் தயங்காமல் காட்டுவார்கள். இன்னொன்று, தலைவலியும் குமட்டலும் வந்தால் படகில் எல்லாரும் கடல் ஒவ்வாமை என்றுதான் நினைப்பார்கள். ஒரே கம்ப்ரசரில் நிரப்பிய காற்றைச் சுவாசித்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி வந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள். அவசர ஆக்சிஜன் இல்லாத படகில் ஏறவே கூடாது என்பது என் கருத்து.

நம் பிள்ளைகளைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்மாயிலும் கிணற்றிலும் நீச்சல் பழகியவர்கள் தம் கட்டுவதில் கெட்டிக்காரர்கள். மேலே இழுத்த மூச்சோடு கிணற்றின் அடிவரை போய்த் திரும்பினால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சு அப்படியல்ல, மேலே வர வர விரியும். 10 மீட்டரில் நிரம்பிய நுரையீரலோடு தம் கட்டி மேலே வந்தால் உள்ளே காற்று இரு மடங்காகி நுரையீரல் கிழியும். ஓரிரு மீட்டர் உயர்வதே அதற்குப் போதும். முகமூடியில் தண்ணீர் புகுவதோ, ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவுவதோ, மிதப்பதற்குக் காற்று ஏற்றும் ஜாக்கெட்டின் பொத்தான் உப்பேறி ஒட்டிக்கொண்டு காற்று தானாக ஏறுவதோ சின்னக் கோளாறுகள்தான். பதறிப்போய்த் தம் கட்டி மேலே பாய்வதில்தான் உயிர் போகிறது. என்ன நடந்தாலும் மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். ஜாக்கெட் தானாக ஊதினால், அதற்கு வரும் குழாயைக் கழற்றி, காற்றை வெளியே விட வேண்டும். எந்தப் பிடியைத் தொட வேண்டும் என்று படகிலேயே காட்டச் சொல்லிக் கையால் தொட்டுப் பாருங்கள்.

கட்டாத சிலிண்டர் ஏறத்தாழ 14 கிலோ எடை, அலையில் உருண்டால் கால் விரல் நசுங்கும். ஏணியில் ஒருவர் ஏறும்போது நேர் கீழே நிற்காதீர்கள். புரொப்பல்லர் சுற்றி நிற்கும்வரை படகின் பின்பக்கம் போகாதீர்கள்.

தலை எண்ணுவது பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் ஓர் அமெரிக்கத் தம்பதியை நடுக்கடலில் விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பியது. எண்ணிக்கையில் தவறு. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிய வந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. எண்ணும்போது ஆட்கள் நடமாடிக்கொண்டே இருப்பார்கள், ஒருவரை இரு முறை எண்ணிவிடலாம். பெயர் வாசித்து, அவரவர் வாயால் பதில் சொல்வதே சரியான முறை. பத்துப் பதினைந்து பேராகச் சொந்தபந்தத்தோடு போகிறவர்கள் இதை நீங்களே செய்துகொள்ளலாம்.

படகிலேயே தங்கும் பயணம் என்றால் சார்ஜர்களையும் கவனியுங்கள். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியா கடலில் 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு தீப்பற்றி 34 பேர் இறந்தார்கள். தீ எதனால் என்று உறுதியாகவில்லை. ஆனால் இரவில் விழித்திருந்து சுற்றிப் பார்க்க ஆள் இல்லை. தூங்கும் அறையின் இரண்டு வழிகளும் தீப்பிடித்த ஒரே கூடத்தில்தான் திறந்தன. கேமரா, போன் பேட்டரிகளை ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். ஏறியவுடன் வெளியேறும் வழிகளை நடந்து பாருங்கள்.

ஊர் திரும்பும் விமானத்துக்கு முன், ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ் என்றால் 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். வீட்டுக்கு வந்தபின் மூட்டு வலியோ மரத்துப்போவதோ இருந்தால், பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல், ஸ்கூபா செய்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

படகில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், அவரைக் கவனித்த கையோடு அவருடைய சிலிண்டரையும் தனியே எடுத்து வையுங்கள். கேஜ் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, எத்தனை சுற்றில் மூடுகிறது என்று எண்ணி வால்வை மூடுங்கள். காற்றைத் திறந்துவிடவோ மறுபடி நிரப்பவோ யாரையும் விடாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் காற்றைச் சோதித்தால்தான், அதே கம்ப்ரசரில் நிரப்பிய மற்ற சிலிண்டர்களை நிறுத்த வேண்டுமா என்பது தெரியும்.