120 கிராம் முதலில் தீருமா, 50 கிராம் முதலில் தீருமா?

தண்டவாளத் துண்டுகளை இணைக்கத் தெர்மிட் என்ற கலவையைப் பயன்படுத்துவார்கள். இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் கலந்தது. பற்றவைத்தால் அலுமினியம், இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும்; இரும்பு உருகி ஓடும். 1895-ல் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் காப்புரிமை பெற்ற முறை இது. (வீட்டில் முயன்று பார்க்கிற விஷயம் அல்ல.)

50 கிராம் அலுமினியமும் 120 கிராம் ஃபெரிக் ஆக்சைடும் (அந்த இரும்பு ஆக்சைடுதான், Fe₂O₃) கலக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எது முதலில் தீரும்? குறைவாக இருப்பது அலுமினியம்தானே என்று சட்டென்று சொல்லத் தோன்றும். தராசு இங்கே நம்மை ஏமாற்றிவிடுகிறது. வினை நடப்பது எடைக்கு எடை அல்ல, எண்ணிக்கைக்கு எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையின் அலகுதான் மோல்.

அலுமினியத்தில் ஒரு மோல் 27 கிராம். ஃபெரிக் ஆக்சைடில் 160 கிராம். ஆக, நம் கையில் இருப்பது சுமார் 1.85 மோல் அலுமினியம், 0.75 மோல் ஆக்சைடு. Fe₂O₃ + 2Al → Al₂O₃ + 2Fe என்ற சமன்பாட்டின்படி ஒரு மோல் ஆக்சைடுக்கு இரண்டு மோல் அலுமினியம் தேவை. 0.75 மோலுக்கு 1.5 மோல், அதாவது 40.5 கிராம் போதும். ஆக்சைடு முழுவதும் தீர்ந்த பிறகும் 9.5 கிராம் அலுமினியம் சும்மா கிடக்கும். இரண்டு மடங்குக்கும் மேல் எடையுள்ள ஆக்சைடுதான் இங்கே வினை கட்டுப்பாட்டுக் காரணி. அது தீர்ந்த நொடியே வினை நின்றுவிடும்.

சரி, மோல் கணக்கில் எது குறைவோ அதுதான் கட்டுப்படுத்தும் என்று முடிவுகட்டலாமா? மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். அலுமினியத்தை 27 கிராமாகக் குறைத்துப் பாருங்கள். இப்போது 1 மோல் அலுமினியம், 0.75 மோல் ஆக்சைடு. எண்ணிக்கையில் குறைவு ஆக்சைடுதான். ஆனால் அலுமினியம் இரண்டிரண்டாகச் செலவாகிறதே! ஒன்றை இரண்டால் வகுத்தால் 0.5, அது 0.75-ஐவிடக் குறைவு. எனவே அலுமினியம்தான் முதலில் தீரும், 40 கிராம் ஆக்சைடு மிஞ்சும். மோல்களைச் சமன்பாட்டில் உள்ள கெழுவால், அதாவது அந்தப் பொருளின் முன்னால் நிற்கும் எண்ணால், வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

முதல் கலவைக்கே திரும்புவோம். 0.75 மோல் ஆக்சைடு 1.5 மோல் இரும்பைத் தரும். ஒரு மோல் இரும்பு 56 கிராம். மொத்தம் 84 கிராம். இதுதான் கோட்பாட்டு விளைச்சல், அதாவது ஒரு துளியும் வீணாகாமல் இருந்தால் கிடைக்கக்கூடிய உச்ச அளவு. கூடவே 76.5 கிராம் அலுமினியம் ஆக்சைடு. மிச்ச அலுமினியத்தையும் சேர்த்துக் கூட்டினால் 170 கிராம், போட்டது அத்தனையும் வந்துவிட்டது. கணக்குச் சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி இதுதான்.

நிஜத்தில் கொஞ்சம் தெறித்துப் போகும், கொஞ்சம் கசடோடு ஒட்டிக்கொள்ளும். 75 கிராம் கிடைத்தால் விளைச்சல் சுமார் 89 சதவீதம். அப்புறம், தராசு 90 கிராம் காட்டினால்? மகிழ்ந்துவிட வேண்டாம். மிஞ்சிய அலுமினியம் இரும்போடு கலந்திருக்கிறதா, கசடு சரியாகப் பிரியவில்லையா என்று பாருங்கள்.