'கேமராவுக்குக் கம்மியா பண்ணணும்'னு யாருங்க கிளப்பி விட்டது?

போன வாரம் ஒரே ரோலுக்கு வந்த செல்ஃப் டேப் (நடிகர்களே தங்களைப் படம்பிடிச்சு அனுப்புற ஆடிஷன் வீடியோ) அத்தனையும் உக்காந்து பார்த்தேன். முக்கால்வாசி பேர் முறையா நடிப்பு படிச்சவங்க, வருஷக்கணக்கா மேடையில நின்னவங்க. ஆனா எல்லார் மூஞ்சியும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி, வாய் மட்டும் அசையுது. காஸ்டிங் வேலைக்கு, அதாவது ரோலுக்கு நடிகர்களைத் தேடிப் பிடிக்கிற வேலைக்கு, வந்த நாள்லேருந்து இதை வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்தான் இப்ப எழுதி வைக்கிறேன்.

யாரோ ஒரு புண்ணியவான் மேடை நடிகர்கள் எல்லாருக்கும் "கேமரான்னா கம்மியா பண்ணணும்"னு காதுல ஓதி அனுப்பியிருக்காரு. உடனே இவங்க என்ன பண்றாங்கன்னா, கோபத்துல பாதி, அழுகையில பாதின்னு வெட்டிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து காட்டுறாங்க. அப்படி இல்லங்க. மேடையில கடைசி வரிசையில இருக்கிறவருக்கும் போய்ச் சேரணும்னுதான் குரலையும் கையையும் பெருசாக்குனீங்க, அந்தக் கடைசி வரிசைக்காரர் இப்ப எந்திரிச்சு வந்து உங்களுக்கு ரெண்டடி தள்ளி உக்காந்திருக்காரு, அவ்ளோதான் வித்தியாசம். தூரம்தான் குறைஞ்சிருக்கு, ஆத்திரம் ஏன் குறையணும்? பக்கத்துல குழந்தை தூங்குறப்ப புருஷன் பொண்டாட்டி குசுகுசுன்னு சண்டை போடுவாங்களே, பார்த்திருக்கீங்களா? சத்தமே வராது, ஆனா அதைவிடப் பயங்கரமான சண்டை கிடையாது. அதைக் 'கம்மி'ன்னு சொல்லுவீங்களா?

இதுல கொஞ்சம் சினிமா படிச்சவங்க இன்னும் மோசம், குலஷோவைக் கூட்டிட்டு வந்துடுவாங்க. கிட்டத்தட்ட 100 வருஷம் முன்னாடி ரஷ்யாவுல லெவ் குலஷோவ் ஒரு நடிகரோட ஒரே முகத்தை சூப் தட்டு, சவப்பெட்டின்னு வேற வேற ஷாட்டோட ஒட்டிக் காட்ட, பார்த்தவங்க அதே முகத்துல பசியும் தெரியுது சோகமும் தெரியுதுன்னாங்களாம். "பாருங்க, அவர் ஒண்ணுமே பண்ணல"ன்னு என்கிட்ட வாதம். தம்பி, அது எடிட்டிங்கைப் பத்தின பாடம். உங்க டேப்புல எடிட்டே கிடையாது, வெட்டாத ஒரே ஷாட், சவப்பெட்டியை யார் வந்து ஒட்டுவாங்க? அந்தச் சவப்பெட்டியை நீங்கதான் கண்ணால பார்க்கணும், நான் அதை உங்க கண்ணுலதான் பார்க்கணும்.

ஒரு நேர் ஆடிஷன்ல நடந்தது. 10 வருஷ மேடை அனுபவம் உள்ளவர், வீட்டை வித்துட்டேன்னு தங்கச்சிகிட்ட சொல்ற சீன். வெளிய காத்திருந்தப்ப, பைக்கை நிறுத்தின இடம் சரிதானான்னு எங்க அசிஸ்டென்ட்கிட்ட கேட்டுட்டிருந்தாரு, புருவம், கழுத்து எல்லாம் உயிரோட இருந்துச்சு. 'ரோலிங்'னு சொன்னதும் எல்லாம் அடங்கிப்போச்சு. டயலாக் ஒரு சொல் பிசகல, ஆனா எதிர்ல உக்காந்து மத்த கேரக்டர் டயலாக்கைப் படிக்கிற ரீடர் தங்கச்சி வரியைப் படிக்கும்போது இவர் கேக்கவே இல்ல, தன்னோட வரி எப்ப வரும்னு காத்திட்டிருந்தாரு. இப்படிக் கேக்காதவங்க, எதிராளி பேசி முடிக்கிறதுக்கு அரை செகண்ட் முன்னாடியே மூச்சை இழுத்து ரெடியாவாங்க, அதுலேயே தெரிஞ்சிடும். (நான் சில டேப்பை சவுண்டை ஆஃப் பண்ணிட்டுப் பார்க்கிறதே இதைக் கண்டுபிடிக்கத்தான்.)

ரீடரோட நாற்காலியை கேமராவை ஒட்டி இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திப் படிக்கச் சொன்னேன். அவர்கிட்ட சொன்னது ஒண்ணுதான்: "தங்கச்சிக்கு விஷயம் முன்னாடியே தெரிஞ்சுடுச்சோன்னு உங்களுக்கு ஒரு சந்தேகம், அதை அவ முகத்துல தேடுங்க." ரெண்டாவது டேக்ல 'வித்துட்டேன்'னு சொல்றதுக்கு முன்னாடி அவர் பார்வை ரீடரோட ஒரு கண்ணுலேருந்து இன்னொரு கண்ணுக்குப் போய்ட்டு வந்துச்சு. குரல் தானா இறங்கிடுச்சு. அவர் எதையும் குறைக்கல, தேட ஆரம்பிச்சாரு.

இன்னொண்ணு. வேற மாதிரி பண்ணிக் காட்டுங்கன்னு சொன்னா முதல் டேக் மோசம்னு அர்த்தமில்ல, சொன்னா மாத்திக்கிற ஆளான்னு பார்க்கிறாங்க. அதுக்கு "இல்ல சார், கேரக்டரை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னா..."ன்னு லெக்சர் எடுக்காதீங்க. படிச்சவங்களுக்குத்தான் இந்த வியாதி ஜாஸ்தி. பண்ணிக் காட்டுங்க, போதும்.

செல்ஃப் டேப்புக்கு வேற சொல்லலைன்னா போனைப் படுக்கை வாட்டத்துல, கண்ணு மட்டத்துல ஸ்டாண்ட்ல வெச்சு, நெஞ்சுக்கு மேல ஃப்ரேம் வெச்சு எடுங்க, ஜன்னல் உங்க மூஞ்சிக்கு எதிர்ல இருக்கணும், முதுகுக்குப் பின்னாடி இருந்தா நீங்க வெறும் நிழல்தான். ரீடர் லென்ஸை ஒட்டி இருக்கட்டும், நீங்க லென்ஸை நேராப் பார்க்கிறது பேர், உயரம் சொல்ற ஸ்லேட்ல மட்டும். ரெண்டு பேர்கிட்ட பேசுற சீன்னா ஒருத்தர் லென்ஸுக்கு இந்தப் பக்கம், இன்னொருத்தர் அந்தப் பக்கம். ரீடர் மைக்குக்குப் பக்கத்துல இருக்காரு, அதனால அவர் குரலைத் தாழ்த்தித்தான் படிக்கணும், இல்லன்னா நான் அவரைத்தான் ஆடிஷன் பண்ணிட்டிருப்பேன். நெருக்கமா கோடு போட்ட சட்டை கேமராவுல நெளியும், வேண்டாம். பேக்ரவுண்ட் மியூசிக் சத்தியமா வேண்டாம். ரெண்டு டேக் கேட்டா ரெண்டும் வேற வேறயா இருக்கட்டும், ஒரே டேக்கை ரெண்டு தடவை அனுப்பி என்ன பண்ண?

அப்புறம், ஆடிஷனுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸுன்னு யாராவது காசு கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க. ப்ளீஸ். எத்தனை பேர் ஏமாந்துட்டு வந்து என் முன்னாடி அழுதாச்சு.

பைக் நிறுத்தின இடத்தைக் கேட்ட அந்த நடிகருக்கு ரோல் கிடைக்கல. தங்கச்சியா முன்னாடியே முடிவான பொண்ணு பக்கத்துல நிறுத்தினா இவர் தம்பி மாதிரி தெரிஞ்சாரு, வேற காரணமே இல்ல. "என்ன மேடம் தப்பு பண்ணேன்"னு இன்னும் மெசேஜ் போட்டுட்டிருக்காரு. ஒண்ணும் பண்ணலங்க. அந்த ரெண்டாவது டேக்கை நான் தனி ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கேன்.