பெயரை மறைத்தார்கள், ஜீப்பை மறைக்கவில்லை

சில வருடங்களுக்கு முன் வக்கீலாக நான் பார்த்த ஒரு போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு. ஊர், வருடம், பிள்ளையின் வயது எதையும் சொல்லப்போவதில்லை. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏறவில்லை, பத்திரிகையில் பெயர் வரவில்லை. வாக்குமூலம் வாங்க வந்தவர் பெண் எஸ்.ஐ.தான், மஃப்டியில்தான் வந்தார். போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவு கேட்பதும் அதைத்தான். ஆனால் ஜீப்பைத் தெருமுனை டீக்கடை முன்னால் நிறுத்தி, "அந்தக் கேஸ் பொண்ணு வீடு எது?" என்று டிரைவர் கேட்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்தது.

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற சட்டம் புதிதல்ல. 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ என்று வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அபராதம். இது பத்திரிகைக்காரர்களுக்கான சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் எஃப்.ஐ.ஆர். காப்பியைத் தள்ளிவிடும் நம்மூர் அண்ணன்களும் இதில் மாட்டலாம்.

பெயரைச் சொல்லாமலும் ஆளைக் காட்டிவிட முடியும். 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உதாரணம் சொன்னது: பெயர் இல்லை, ஆனால் அந்தப் பெண் மாநில போர்டு தேர்வில் முதலிடம் பெற்றவர் என்று செய்தி. அப்புறம் பெயர் எதற்கு? பெயர் உள்ள ஆவணங்களைப் போலீசார் முடிந்தவரை சீல் வைத்த உறையில் வைக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் பெயரை வெளியிடக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

நம் மாநிலம் இதில் இரண்டு முறை சூடுபட்டிருக்கிறது. 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் எஃப்.ஐ.ஆர். கசிந்தது. மென்பொருளைப் புதிய சட்டத்துக்கு மாற்றும்போது எஃப்.ஐ.ஆரைப் பூட்டத் தாமதமாகிவிட்டது என்றார்கள். அங்கேயும் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் தர உத்தரவு. அந்த எஃப்.ஐ.ஆரைப் பதிவிறக்கி அனுப்பிய கைகள் மென்பொருளுடையவை அல்ல, அது வேறு விஷயம்.

இந்த வழக்குகள் தலைப்புச் செய்தியானதால் கேள்வி கேட்க ஆள் இருந்தது. நான் தினமும் பார்க்கும் கசிவுகள் சின்னவை. ஸ்டேஷனில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் என்று புகாரை வெளிக்கடைக்குக் கொடுத்தனுப்புவார்கள். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். புத்தகம் (விபத்து, தாக்குதல் கேஸ்களைப் பதியும் பதிவேடு) மேஜையில் விரித்தபடி கிடக்கும், எட்டிப்பார்த்தால் போதும். கோர்ட்டில் விசாரணை மூடிய கதவுக்குள்தான், ஆனால் டவாலி வராந்தாவில் நின்று முழுப்பெயரை மூன்று முறை கூப்பிடுவார்.

ஆகவே கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: வாக்குமூலத்தை ஸ்டேஷனில்தான் தர வேண்டும் என்றில்லை, வீட்டிலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ தரலாம்; கேளுங்கள். மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலத்தை (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 164-வது பிரிவு, புதிய சட்டத்தில் 183) குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை யாருக்கும் காட்டக் கூடாது என்பது 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இருவிரல் சோதனை' அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2013-ல் தீர்ப்பு வந்துவிட்டது. 2022-ல் அதைச் செய்வதே ஒழுங்கீனம் என்றது உச்ச நீதிமன்றம். எந்த டாக்டர் ஆரம்பித்தாலும் 'வேண்டாம்' என்று சொல்லலாம். போனை ஒப்படைத்தால் கைப்பற்றிய விவரத்துக்குக் காப்பி வாங்குங்கள்.

இன்னொன்று, இதைப் பல வக்கீல்களே கவனிப்பதில்லை. 72-வது பிரிவு காப்பது 64 முதல் 71 வரையிலான பிரிவுகளில் வரும் பாலியல் வல்லுறவு போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரைத்தான். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, ஒளிந்திருந்து படம் பிடிப்பது இதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவில், பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் எந்த வழக்கு அப்படிப்பட்டது என்று முடிவு செய்வது டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி. யாரும் கேட்காவிட்டால் அவர் யோசிக்காமலேயே போகலாம். புகாரின் கடைசிப் பத்தியில் 'இந்த எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டாம்' என்று எழுதச் சொல்கிறேன். ஒரு வரிதான்.

எல்லாரும் அந்த ஜீப் டிரைவர் மாதிரி இல்லை. வேறொரு வழக்கில் விசாரிக்க வந்த பெண் எஸ்.ஐ. தன் சொந்த ஸ்கூட்டியில், ஒரு காய்கறிப் பையோடு வந்தார். பைக்குள் முருங்கைக்காய்க்குக் கீழே கேஸ் கட்டு. யாரென்று கேட்ட பக்கத்து வீட்டு அம்மாவிடம், "சீட்டுப் பணம் வாங்க வந்தேங்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.