கேள்விக்குறியா, கிறுக்கலா? முதலில் அதைப் பாருங்கள்

சித்திரைத் திருவிழா கொடியேற்றத்துக்கு மறுநாள் காலை போன் வந்தது. தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலை விற்கிற அண்ணன். "தம்பி, நேத்து ராத்திரி நீங்க சர்வர் மாத்துனதுல இருந்து பில்லுல பேரு வர மாட்டேங்குது. மீனாட்சினு அடிச்சா எட்டு கேள்விக்குறி நிக்குது."

"எதையும் அழிக்காதீங்கண்ணே. நான் வர்ற வரைக்கும் கையாலயே பில் போடுங்க" என்றேன்.

கடையில் பார்த்தால் நோய் இரண்டு. பழைய பில்களில் பெயர் கிறுக்கலாக இருந்தது: தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், திரும்பத் திரும்ப அதே ஜோடி. அன்று காலை போட்ட பில்களில் வெறும் கேள்விக்குறி. இரண்டையும் ஒரே கோளாறு என்று நினைத்து ஃபான்ட் மாற்றிப் பார்ப்பவர்கள் நம் தொழிலில் நிறைய உண்டு. ஃபான்ட் இல்லையென்றால் பெரும்பாலும் கட்டம்தான் தெரியும்.

கிறுக்கல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தரவு பிழைத்திருக்கிறது. எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறையான யுடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். முதல் இரண்டும் எல்லா எழுத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றை லாட்டின்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று தவறாகப் படித்தால்தான் அந்த ஜோடி வரும். கேள்விக்குறி அப்படியில்லை. மீனாட்சி நம் கண்ணுக்கு நாலு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறியீடு. எட்டையும் லாட்டின்1 டேபிளில் வைக்க இடமில்லாமல் தூக்கிப்போட்டுவிட்டு, ஆளுக்கொரு கேள்விக்குறியை நட்டுவைத்திருக்கிறது. உறுதி செய்ய, சேமித்த பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனில் பாருங்கள். கேள்விக்குறிக்கான 3எஃப் என்று வரிசையாக வந்தால் போனது போனதுதான்.

கடையின் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல். அதன் 8.0 பதிப்புக்கு முன்னால் இயல்புநிலை எழுத்து முறை லாட்டின்1. இந்தக் கடையின் டேபிள்கள் அந்தக் காலத்தவை. பழைய சர்வரில் பில் புரோகிராம் டேட்டாபேஸோடு பேசும் கனெக்‌ஷனும் லாட்டின்1. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் கணக்கு நேராகிப் பல வருஷம் ஓடியது. புது சர்வரில் கனெக்‌ஷன் யுடிஎஃப்8எம்பி4, அதாவது மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8. ஒரு பக்கம் உண்மை பேச ஆரம்பித்ததும் குட்டு உடைந்தது.

தவறான தரவை ஏற்காமல் நிறுத்தும் ஸ்ட்ரிக்ட் மோட் இருந்திருந்தால் முதல் பில்லிலேயே 1366 என்று எரர் வந்து நின்றிருக்கும். பழைய கோட் அதில் ஓயாமல் முட்டுகிறது என்று அதை அணைத்து வைத்தவன் நான்தான்.

சரிசெய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. டேபிளை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கட்டளையில் நேராக 'கன்வெர்ட் டு' கொடுத்தால், கிறுக்கலையே ஒழுங்கான எழுத்தென்று நம்பி மாற்றிவைக்கும். சிக்கல் இரட்டை முடிச்சாகும். முதலில் பேக்கப். பிறகு பெயர் இருக்கிற நெடுவரிசையை பைனரி (எழுத்து முறை இல்லாத வெறும் பைட்டுகள்) ஆக்குங்கள்: வர்கேர் என்றால் வர்பைனரி, டெக்ஸ்ட் என்றால் பிளாப். அதற்கப்புறம்தான் யுடிஎஃப்8எம்பி4. இடையில் பைனரிக்குப் போவதால் பைட்டுகள் கலையாது. நகலெடுத்த டேபிளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அசலில் கைவைத்தேன். பழைய பெயர்கள் அத்தனையும் திரும்பின.

புதிதாக அமைப்பவர்கள் டேட்டாபேஸ், டேபிள், கனெக்‌ஷன் மூன்றிலும் யுடிஎஃப்8எம்பி4 என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிஎச்பி மொழியில் எழுதிய புரோகிராம் என்றால் அதன் பிடிஓ கனெக்‌ஷன் வரியிலேயே எழுதலாம். வெறும் யுடிஎஃப்8 போதாதா என்றால், மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயருக்கு மூன்று பைட்தான் எல்லை. தமிழ் அடங்கும், இமோஜி அடங்காது. முகவரிக்குப் பின்னால் பூ போடுகிற வாடிக்கையாளர் எல்லாக் கடைக்கும் உண்டு. சர்வர் மாற்றியதும் 'டெஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். இப்போது என் சோதனைப் பெயர் 'ஸ்ரீமீனாட்சி', கூடவே ஒரு இமோஜி.

கேள்விக்குறியான பில்கள் 31. கூரியர் ரசீதுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைப்பையன் வாசிக்க வாசிக்க, சாயங்காலம் வரை நானே உட்கார்ந்து அடித்தேன். ரசீது இல்லாமல் நேரில் வாங்கிப் போன இரண்டு பேர் மட்டும் இன்னும் டேபிளில் கேள்விக்குறியாகவே இருக்கிறார்கள்.